கடல் இல்லாத ஊரில் கடல் கலை! கல்லை எடுக்காதீங்க... அச்சு எடுங்க

பெரம்பலூர்:
நம்ம ஊர்க்காரங்க கடல் பார்க்கணும்னா வேளாங்கண்ணிக்குத்தான் பஸ் ஏறணும். ஆனா, கடல் சிப்பி நம்ம காலுக்கு அடியிலேயே கிடக்கிறது!

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பெரம்பலூர், அரியலூர் பகுதி கடலாக இருந்தது. அப்போது வாழ்ந்த உயிரினங்கள் சேற்றில் புதைந்து கல்லாகி விட்டன. காரை, கொளக்காநத்தம் பக்கம் மழை மண்ணை அரித்ததும் இவை தலைகாட்டும். அரியலூர் சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக் கல்லும் அந்தக் கடல் தந்ததுதான்.

இதில் பேர் போனது அம்மோனைட். பார்த்தால் நத்தை மாதிரி சுருண்டிருக்கும். ஆனால் கணவாய் மீனுக்குத்தான் சொந்தம். 2020 அக்டோபரில் குன்னம் பகுதியில் ‘டைனோசர் முட்டை’ கிடைத்ததாக வாட்ஸ்அப்பில் பரபரப்பு கிளம்பியதே, ஞாபகம் இருக்கா? வல்லுநர்கள் வந்து பார்த்து, அது முட்டையே இல்லை, அம்மோனைட் உருண்டை என்று சொன்னார்கள்.

இந்தச் சுருளை வைத்து படம் வரைவது புதுசு இல்லை. 1860-களிலேயே ஸ்டோலிஸ்கா என்ற ஆய்வாளர் நம்ம பகுதி படிமங்களைப் பற்றி பெரிய நூல்கள் வெளியிட்டார். போட்டோவை அச்சடிக்க வசதி இல்லாத காலம். ஒவ்வொரு ஓட்டையும் வரி வரியாக வரைந்து, கல்லச்சில் போட்டார்கள்.

நீங்களும் வீட்டில் செய்யலாம். வேளாங்கண்ணியில் பொறுக்கிய காலிச் சிப்பி ஒன்று போதும். அதில் லேசாக எண்ணெய் தடவி, பிசைந்த களிமண்ணில் அழுத்தி எடுங்கள். பள்ளம் விழும். அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை தண்ணீரில் கரைத்து ஊற்றணும். இறுகும்போது சூடாகும், பிள்ளைகள் கை வைக்கக் கூடாது. நன்றாக இறுகியதும் மண்ணைப் பிரித்து, காயவிட்டு வர்ணம் பூசலாம். பூமிக்குள் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஓட்டுக்குள் சேறு நிறைந்து இறுகியது, பிறகு ஓடு கரைந்து போனது. மிஞ்சியது அச்சு!

ஓடையில் கிடக்கும் படிமத்தை மட்டும் தூக்கிட்டு வராதீங்க. எந்த மண் அடுக்கில், எதோடு கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் வயசைக் கணக்குப் போடுகிறார்கள். இடம் மாறிவிட்டால் அது ஷோகேஸ் பொம்மைதான். இதை விலை பேசி வாங்கிப் போகிறவர்களுக்குத் துணை போவது அதைவிட மோசம்.

அரியலூர் அருகே வாரணவாசி அருங்காட்சியகத்தில் இந்தப் படிமங்களை வைத்திருக்கிறார்கள். சாத்தனூரில் கல்மரம் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போகும்போது நோட்டும் பென்சிலும் கையில் கொடுத்து அனுப்புங்க.