கரை இருந்தால்தான் மின்மினி!

மலேசியத் தலைநகர் கோலாலம்பூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது கோலசிலாங்கூர். பகலில் இங்குள்ள இயற்கைப் பூங்காவில் அலையாத்தி மரங்களையும் நீர்ப்பறவைகளையும் பார்க்கலாம். இருட்டியதும் பயணிகள் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள கம்போங் குவந்தான் கிராமத்துக்குப் புறப்படுவார்கள். அங்கே கரையோர மரங்களில் மின்மினிகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து, ஒரே நேரத்தில் ஒளிர்ந்து, ஒரே நேரத்தில் அணைகின்றன. மலாய் மொழியில் இவற்றுக்கு 'கெலிப்-கெலிப்' என்று பெயர். மலேசியாவில் உறவினர் வீட்டுக்குப் போகும் தமிழ்நாட்டுக்காரர்கள் பலரும் இந்தப் படகுப் பயணத்துக்குப் போய்வருகிறார்கள்.

உலகில் 12 நாடுகளுக்குக் குறையாமல் மின்மினி பார்க்கும் சுற்றுலா நடக்கிறது; ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேர் இதற்காகப் பயணம் செய்கிறார்கள் என்று 2021-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. இத்தனை பேர் வந்து பார்த்தும் பூச்சி அழியாமல் இருக்க வேண்டுமானால், பார்க்கிறவர்களுக்கும் கரையில் விவசாயம் செய்கிறவர்களுக்கும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

தலைவன் இல்லாத கூட்டம்

மின்மினி ஈ வகையைச் சேர்ந்தது இல்லை. அது ஒரு வண்டு. அதன் வயிற்றின் அடிப்பகுதியில் லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் என்ற நொதியின் துணையோடு ஆக்சிஜனுடன் வினைபுரியும்போது ஒளி உண்டாகிறது. இந்த ஒளியில் வெப்பம் இல்லை என்றே சொல்லலாம்.

சிலாங்கூர் ஆற்றங்கரையில் இருப்பது 'டெராப்டிக்ஸ் டெனர்' என்ற இனம். ஆண் பூச்சிகள் பெண்ணை ஈர்ப்பதற்காகச் சேர்ந்து ஒளிர்கின்றன. கூட்டத்தை நடத்த எந்தத் தலைவனும் கிடையாது. ஒவ்வொரு பூச்சியும் பக்கத்தில் உள்ளதன் ஒளியைப் பார்த்துத் தன் நேரத்தைச் சிறிது முன்பின்னாகச் சரிசெய்துகொள்கிறது. கொஞ்ச நேரத்தில் மரம் முழுவதும் ஒரே தாளத்துக்கு வந்துவிடுகிறது.

இவை அதிகம் கூடுவது 'பெரெம்பாங்' என்ற மரத்தில். நன்னீரும் உப்புநீரும் கலக்கும் பகுதியில் வளரும் அலையாத்தி வகை மரம் இது. ஆற்றில் உப்பின் அளவு மாறினால் இந்த மரமும் பாதிக்கப்படும்.

மரத்தில் தெரிவது கடைசிக் கட்டம்

படகில் இருந்து பார்ப்பவர்களுக்கு மரம் மட்டும்தான் தெரியும். மின்மினியின் வாழ்நாளில் பெரும்பகுதி கழிவது மரத்துக்குப் பின்னால் உள்ள ஈர மண்ணில். பெண் பூச்சி கரைக்கு உள்ளே, நிழலான ஈர நிலத்தில் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு, சருகுக்கும் புல்லுக்கும் இடையே ஊர்ந்து சிறு நத்தைகளைப் பிடித்துத் தின்கிறது. நத்தையைக் கடித்து, செயலிழக்கச் செய்து, சதையைக் கரைத்து உறிஞ்சுகிறது. பிறகு மண்ணிலேயே கூட்டுப்புழுவாகிறது. முட்டையிலிருந்து வண்டாக வெளிவர ஏறக்குறைய நான்கு மாதம் ஆகிறது. அதன் பிறகுதான் அது பறந்து மரத்துக்கு வருகிறது.

ஆக, மரம், அதன் பின்னால் ஈர நிலம், அந்த நிலத்தில் நத்தை என மூன்றும் வேண்டும். ஒன்று போனாலும் மின்மினி இல்லை.

சிலாங்கூர் ஆற்றங்கரையில் இடி விழுந்தது இந்த இடத்தில்தான். எண்ணெய்ப்பனையை மலேசியத் தமிழர்கள் செம்பனை என்பார்கள். செம்பனைத் தோட்டத்துக்காகக் கரை ஓரம் வரை நிலம் திருத்தப்பட்ட இடங்களில் பெரெம்பாங் மரங்களும், பின்னால் இருந்த புதரும் போயின. சில இடங்களில் முன்வரிசை மரங்கள் நின்றாலும், புழு வளர நிலம் இல்லாமல் போயிற்று. 2009-ல் சிலாங்கூர் மாநில அரசு ஆற்றங்கரையின் ஒரு பகுதியைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. அடுத்த ஆண்டு, பல நாட்டு மின்மினி ஆய்வாளர்கள் சிலாங்கூரில் கூடி, மின்மினிப் பாதுகாப்புக்கான 'சிலாங்கூர் பிரகடனம்' வெளியிட்டார்கள்.

பார்க்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

* துடுப்புப் படகையே தேர்ந்தெடுங்கள். கம்போங் குவந்தானில் நான்கு பேர் உட்காரும் சிறு படகை ஊர்க்காரர்களே துடுப்புப் போட்டு ஓட்டுகிறார்கள். வேகமான மோட்டார் படகு கிளப்பும் அலை கரையை அரிக்கும். ஈர மண்ணில் உள்ள புழுவுக்கு அது நேரடி இழப்பு.

* டார்ச் அடிக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று அடையாளம் காண முடியாது. படித்துறையில் நடக்க விளக்கு தேவைப்பட்டால், சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றித் தரையைப் பார்த்துப் பிடியுங்கள்.

* கேமராவில் ஃபிளாஷ் வேண்டாம். ஃபிளாஷ் போட்டால் படத்தில் இலைதான் விழும், மின்மினி விழாது. கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுவது நல்லது.

* கிளையை ஆட்டவோ, பூச்சியைப் பிடித்துக் காட்டும்படி படகோட்டியிடம் கேட்கவோ வேண்டாம். குழந்தைகளுக்கு இதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

* கொசு விரட்டியைப் படகில் வைத்துத் தெளிக்காதீர்கள். அது மின்மினிக்கும் ஆகாது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

* அங்கே மின்மினி ஆண்டு முழுவதும் உண்டு. நிலவு இல்லாத, மழை இல்லாத வார நாள் ஏற்றது. கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடமாவது ஆகும். அதுவரை பொறுமை தேவை.

நம் ஊருக்கு என்ன பாடம்?

சேர்ந்து ஒளிரும் மின்மினி தமிழ்நாட்டிலும் உண்டு. ஆனைமலை புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில் இவை பெருந்திரளாக ஒளிர்வது 2022-ல் பதிவு செய்யப்பட்டது. கோடை மழைக்காலத்தில் தெரியும் காட்சி இது. ஆனால், அது யானையும் புலியும் நடமாடும் காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் இரவில் உள்ளே போகக் கூடாது. வண்டியின் முகப்பு விளக்கோடு காட்டுச் சாலையில் நின்று வேடிக்கை பார்ப்பது ஆளுக்கும் ஆபத்து, பூச்சிக்கும் கேடு.

காட்டுக்குப் போகாமல் தோட்டத்திலேயே செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. உலகம் முழுவதும் மின்மினி குறைய முக்கியக் காரணங்கள் எவை என்று நிபுணர்களிடம் கருத்துக் கேட்டு 2020-ல் வெளியான ஆய்வு, வாழிடம் அழிதல், இரவு வெளிச்சம், பூச்சிக்கொல்லி என்று வரிசைப்படுத்தியது. மூன்றுமே வயலுக்குள் நடப்பவை.

வாய்க்கால் கரையையும் வேலி ஓரத்தையும் ஒட்டிக் கொஞ்சம் புல்லையும் சருகையும் விட்டுவைக்கலாம். அங்கே களைக்கொல்லி அடிப்பதைத் தவிர்க்கலாம். நத்தைத் தொல்லை உள்ள தோட்டத்தில் நத்தைக்கொல்லியை வரப்பு முழுக்கத் தூவினால், நத்தையைத் தின்ன வரும் மின்மினிப் புழுவும் உணவில்லாமல் போகும். மாலையில் ஈரச் சாக்கைப் போட்டுவைத்து, அதன் அடியில் ஒதுங்கும் நத்தைகளைக் காலையில் பொறுக்கி அழிக்கும் முறை இருக்கவே இருக்கிறது.

விளக்குப்பொறி வைப்பவர்கள், மின்மினி நடமாடும் வாய்க்கால் ஓரத்தை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். மோட்டார் கொட்டகையில் விடிய விடிய எரியும் எல்.இ.டி. பல்பை வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம். இருட்டில் நடமாட்டத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்றால், கீழ்நோக்கி மட்டும் ஒளி விழும்படி மூடி போட்ட மஞ்சள் நிற விளக்கு போதும்.

ஆண்டுதோறும் ஜூலை மாத முதல் சனி, ஞாயிறு உலக மின்மினி தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த இரண்டு நாளும் கொட்டகை விளக்கை அணைத்துவிட்டு, கிணற்றடியிலும் வாய்க்கால் கரையிலும் அரை மணி நேரம் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். எந்த ஊர், எந்தப் பயிர், எத்தனை கண்ணில் பட்டது, பத்து ஆண்டுகளுக்கு முன்பு எப்படி இருந்தது என்ற விவரத்தை வாசகர் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதி அனுப்பலாம்.