சூப் ஏன் திரிந்தது?

சென்ற ஐப்பசி மாதம் என் தாயாருக்குக் கடுமையான காய்ச்சல். ஒரு வாரம் கஞ்சியிலேயே ஓடியது. பிறகு கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாட்டிக்கு நான் கோழி சூப் வைத்துத் தருகிறேன்" என்று, பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சமையலறைக்குள் புகுந்தாள். சாதாரண மிளகுச் சாறு இல்லை. ஓட்டலில் தருவார்களே, வெண்மையாக, வழவழவென்று, அந்தச் சூப்!

கோழியை வேகவைத்துச் சாறெடுத்தாள். வெண்ணெய் போட்டாள். நிறையப் பாலை ஊற்றிக் காய்ச்சினாள். எல்லாம் நன்றாகவே வந்தது. கடைசியில், பாட்டிக்குப் புளிப்புப் பிடிக்குமே என்று, கொதிக்கும் சூப்பில் அரை எலுமிச்சம் பழத்தைப் பிழிந்தாள். அவ்வளவுதான். வெள்ளைத் திப்பிகள் மேலே மிதக்க, மஞ்சள் தண்ணீர் தனியே பிரிந்துவிட்டது.

"பால் கெட்டுப்போயிருந்ததா அப்பா?" என்று அழாத குறையாகக் கேட்டாள்.

"பால் கெடவில்லை அம்மா. நம் புழல் ஏரித் தண்ணீரைச் சுத்தம் செய்கிறார்களே, அங்கே தினமும் வேண்டுமென்றே செய்வதை நீ தெரியாமல் செய்துவிட்டாய்" என்றேன்.

சூப்புக்கும் ஏரிக்கும் என்ன சம்பந்தம்? பார்ப்போம்.

கரையவும் இல்லை, படியவும் இல்லை

ஒரு தம்ளர் நீரில் உப்பைப் போட்டால் கரைந்து மறைந்துவிடுகிறது. மணலைப் போட்டால் அடியில் தங்கிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை உண்டு. துகள்கள் கரைவதுமில்லை, படிவதுமில்லை, கண்ணுக்குத் தெரியாத அளவில் நீர் முழுவதும் பரவி நிற்கின்றன. இதைக் கூழ்மம் என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு 'கொலாய்டு' என்று 1861-இல் பெயர் சூட்டியவர் ஸ்காட்லாந்து நாட்டு வேதியியலறிஞர் தாமஸ் கிரஹாம். 'கொல்லா' என்றால் கிரேக்க மொழியில் பசை. எலும்பையும் தோலையும் நெடுநேரம் நீரில் காய்ச்சினால் கிடைக்கும் ஜெலட்டின் என்ற பசைப்பொருளை எண்ணியே அவர் அப்பெயரை வைத்தார். ஆம், கோழி எலும்பு சூப்புக்குத் தரும் அதே ஜெலட்டின்தான்!

சூப்பின் வழவழப்புக்கு இத்தகைய பொருள்களே காரணம். எலும்பு மூட்டுகளிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம், சிறுதீயில் வேகும்போது அவிழ்ந்து ஜெலட்டினாகிச் சாற்றில் கலக்கிறது. மீந்த சாற்றைக் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் அது பாகாக உறைந்திருப்பது இதனால்தான். அடுத்து, வெண்ணெயிலும் பாலிலும் உள்ள கொழுப்பு. நுண்ணிய துளிகளாகச் சிதறி நிற்கும் இதற்குப் பால்மம் என்று பெயர். மூன்றாவது, பாலின் கேசீன் என்ற புரதம். இதன் துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்கு அளவுள்ளவை. இவையும் கொழுப்புத் துளிகளும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால்தான் பால் வெண்மையாகத் தோன்றுகிறது.

கேசீன் துகள்கள் ஏன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லை? அவற்றின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் இருக்கிறது. ஒரேவகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? எலுமிச்சைச் சாற்றிலுள்ள அமிலம் நேர் மின்னூட்டமுள்ள ஹைட்ரஜன் அயனிகளைத் தருகிறது. அவை எதிர் மின்னூட்டத்தை ஈடுசெய்துவிடுகின்றன. விலக்கும் விசை போனதும் துகள்கள் மோதி, ஒட்டி, திப்பிகளாகத் திரள்கின்றன. சூடு இதை இன்னும் விரைவாக்குகிறது. தயிர் உறைவதும் இதே விதத்தில்தான்; அங்கே அமிலத்தை மெல்ல மெல்லத் தருபவை பாக்டீரியாக்கள்.

ஏரியில் நடப்பது

புழல் ஏரி நிரம்பினால் 3,300 மில்லியன் கன அடி நீர் கொள்ளும். அதாவது ஏறத்தாழ 9,300 கோடி லிட்டர். மழைக்காலத்தில் அந்த நீர் கலங்கி வருகிறது. மண்ணின் பெருந்துகள்கள் தாமே படிந்துவிடும். நுண்ணிய களிமண் துகள்களோ நாள்கணக்கில் மிதக்கும். அவற்றுக்கும் எதிர் மின்னூட்டமே. அதனால்தான் சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் சேர்க்கிறார்கள். அதிலுள்ள அலுமினிய அயனி மூன்று மடங்கு நேர் மின்னூட்டம் உடையது. அது களிமண்ணின் மின்னூட்டத்தை ஈடுசெய்கிறது. கூடவே பஞ்சு போன்ற அலுமினியம் ஹைட்ராக்சைடாக மாறித் துகள்களைப் பிடித்துக்கொண்டு அடியில் படிகிறது. பிறகு மணல் வடிகட்டி. அதன்பின் கிருமிகளைக் கொல்லக் குளோரின்.

ஏரி நீரில் கூழ்மம் கலைய வேண்டும். இல்லையேல் களிமண்ணோடு நோய்க்கிருமிகளும் குழாய்க்கு வந்து சேரும். சூப்பில் கூழ்மம் கலையக் கூடாது. விதி ஒன்றுதான்.

திரியாத சூப்

இனிச் செய்முறைக்கு வருவோம். பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

எலும்போடு கூடிய கோழிக்கறி 250 கிராம், நீர் 1 லிட்டர், தட்டிய சின்ன வெங்காயம் 10, பூண்டு 4 பல், சிறு துண்டு இஞ்சி, மிளகு, சீரகம், உப்பு. மூடி போட்டுச் சிறுதீயில் முக்கால் மணி நேரம் வேகவிடுங்கள். நாட்டுக்கோழியானால் இன்னும் அதிக நேரம் ஆகும். வயதான கோழியின் கொலாஜன் எளிதில் அவிழாது. பச்சைக் கறியைத் தொட்ட கை, கத்தி, பலகை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள்.

சாற்றை வடிகட்டுங்கள். கறியை உதிர்த்துத் தனியே வையுங்கள். கடைகளில் 'கார்ன்ஃப்ளவர்' என்று விற்கும் வெண்மாவு இரண்டு தேக்கரண்டியைக் குளிர்ந்த நீரில் கரைத்துச் சாற்றில் ஊற்றிக் கிளறுங்கள். மாவை நேரே சூட்டில் கொட்டினால், மேற்புறம் மட்டும் உப்பி மூடிக்கொள்ளும். உள்ளே உலர்ந்த மாவு கட்டிகட்டியாகச் சிக்கிவிடும். 60 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் மாவின் மணிகள் நீரை உறிஞ்சி உப்பத் தொடங்கும், சாறு கெட்டியாகும். இந்த நெருக்கத்தில் கேசீன் துகள்கள் ஒன்றையொன்று எளிதில் அணுக முடியாது. என் மகள் விட்டுவிட்ட காவல் இதுதான்.

இப்போது தீயைக் குறைத்து, வெதுவெதுப்பான பால் 200 மி.லி., வெண்ணெய் ஒரு தேக்கரண்டி சேருங்கள். கறியைப் போட்டுச் சூடேற்றி, தளதளவென்று கொதிக்கும் முன் இறக்குங்கள். புளிப்பு வேண்டுவோர், பால் சேர்க்காத சாற்றைத் தனியே எடுத்து அதில் எலுமிச்சை பிழியலாம்.

ஓர் எச்சரிக்கை. கெட்டியான சூப் மேலே ஆறியிருந்தாலும் உள்ளே கொதிக்கும். தெளிந்த நீரில் வெப்பச் சலனத்தால் சூடு மேலும் கீழும் கலக்கிறது. கெட்டியான குழம்பில் அந்த ஓட்டம் தடைப்படுகிறது. பவேரியாவில் பணியாற்றிய ரம்ஃபோர்டு பிரபு, கெட்டியான அரிசி சூப்பின் முதல் கரண்டி குளிர்ந்திருக்க, அடுத்த கரண்டி வாயைச் சுட்டதை எழுதி வைத்திருக்கிறார். திரவங்களில் வெப்பம் பரவும் விதம் பற்றி 1797-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இச்செய்தி உள்ளது. ஆகவே நோயாளிக்கோ குழந்தைக்கோ தரும்முன் அடிவரை கலக்கி, நீங்கள் சுவைத்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் கலங்கிய நீரை எடுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை படிகாரத்தூளைப் போட்டு மெதுவாகக் கலக்குங்கள். அரைமணி கழித்து இரண்டின் வழியாகவும் டார்ச் ஒளியைச் செலுத்துங்கள். ஒளிக்கதிரின் பாதை எதில் தெளிவாகத் தெரிகிறது? ஏன்? விடையை உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். தெளிந்துவிட்டதே என்று அந்த நீரைக் குடித்துவிடாதீர்கள். கிருமிகள் அதில் இன்னும் இருக்கும்.

அன்று திரிந்த சூப்பை என் தாயார் கொட்டவிடவில்லை. "வடிகட்டிக் கொடு கண்ணு, ருசி எங்கே போகப்போகுது?" என்று வாங்கிக் குடித்துவிட்டார். மறுநாள் என் மகள் மாவு கரைத்து மறுபடியும் வைத்தாள். அந்தச் சூப் திரியவில்லை. பாட்டி இரண்டாவது தம்ளரும் கேட்டார்.