யோசனை சொல்லும் உத்தியோகம்

பிறர் நடத்தும் தொழிலை ஆராய்ந்து, அதன் குறைகளைக் கண்டு, அவை நீங்கும் மார்க்கத்தை எடுத்துரைப்பதையே தங்கள் ஜீவனமாகக் கொண்ட கன்சல்டிங் கம்பெனிகள், மேலாண்மைக் கல்லூரிகளுக்கு ஆண்டுதோறும் வந்து, தேர்ச்சியில் முன்னிற்கும் மாணவர்களைப் பொறுக்கியெடுத்துச் செல்கின்றன. கை நிறையச் சம்பளம் என்பதற்காகவே இவ்வுத்தியோகத்தை விரும்புவோரும், ஓய்வொழிச்சல் இல்லாத வேலை என்று கேட்டே அஞ்சுவோரும், அதன் உள்ளமைப்பைச் சற்று அறிந்துகொள்வது நலம்.

இக்கம்பெனிகள் விற்கும் சரக்கு, தம் ஊழியர்களின் புத்தியும் காலமுமே. மேலே சில பார்ட்னர்கள் இருந்து கிளையன்ட்டுகளிடமிருந்து வேலையைப் பெற்று வர, கீழே பல இளைஞர்கள் கணக்குகளைத் திரட்டி, அலசி, ஸ்லைடுகளாக வடித்துத் தருகிறார்கள். மெக்கின்ஸி கம்பெனியில் 1933இல் சேர்ந்த மார்வின் பவர் என்ற வழக்கறிஞர், அமெரிக்க சட்ட நிறுவனங்களின் சம்பிரதாயங்களைத் தழுவி இம்முறைக்கு உருக்கொடுத்தார். இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பதவி உயர்வு பெறாதவர் விலகிவிட வேண்டும் என்னும் 'அப் ஆர் அவுட்' நியதியும் இத்தொழிலில் வேரூன்றியது.

இதன் பெரும் லாபம் அனுபவத்தின் விஸ்தாரமே. சிமென்ட் ஆலையின் வாயிலில் நின்று, ஒவ்வொரு லாரியும் சரக்கேற்ற எத்தனை நாழிகை காத்துக் கிடக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்ட இளைஞர், சில மாதங்களுக்குள் ஒரு மருத்துவமனையில் அமர்ந்து, அறுவைச் சிகிச்சைக் கூடம் பகலில் வெறுமனே கிடப்பதன் காரணத்தைத் தேடிக்கொண்டிருப்பார். ஒரே ஸ்தாபனத்தில் பணிபுரிபவர் நெடுங்காலம் கழித்தே காணக்கூடிய நிர்வாகத்தின் மேல்மட்டத்தை, இவர் இருபத்தைந்து வயதிலேயே அருகிருந்து காண்கிறார். சென்னையில் பிறந்த இந்திரா நூயி 1980களில் பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பில் பணியாற்றிப் பின்னர் பெப்சிகோவின் தலைமையை அடைந்ததும், மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை மெக்கின்ஸியில் வேலை பார்த்தபின் 2004இல் கூகுளில் சேர்ந்ததும் யாவரும் அறிந்தவை.

கஷ்டங்களில் முதலாவது, காலம் தன் வசத்தில் இல்லாமை. திங்கட்கிழமை விடியலில் விமானமேறி, வார இறுதியில் வீடு திரும்பி, இடையே இரவு பத்து மணிக்குப் பார்ட்னர் திருத்தியனுப்பும் ஸ்லைடுகளைக் காலைக்குள் மாற்றித் தர வேண்டியிருக்கும். இல்லறத்தில் இருப்போருக்கு இது எளிதன்று.

அதனினும் ஆழமான குறை, தான் சொன்ன யோசனையின் பலனைக் காண நேராமையே என்பது என் துணிபு. மெக்கின்ஸியை 1926இல் நிறுவிய ஜேம்ஸ் மெக்கின்ஸியின் சரித்திரம், இதற்கு மாறாக அப்பலனை நேரில் காண நேர்ந்ததற்குச் சான்று. சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட் என்னும் பெருங்கடைக்கு ஆலோசனை கூறிய அவரை, அதை நிறைவேற்றித் தரும்படி 1935இல் அந்நிறுவனத்தார் தலைவராகவே அமர்த்தினர். நஷ்டத்தில் நடந்த மொத்த வியாபாரப் பகுதியை அவர் மூடியபோது பலர் வேலையிழந்தனர். அறிக்கையில் ஒரு வரியாக எழுதக்கூடிய அத்தீர்மானத்தின் பாரம் முழுவதும் அவர் தலைமேல் விழுந்தது. 1937இல், தம் 48ஆம் வயதில், அவர் நிமோனியாவால் காலமானார். யோசனை சொல்பவர் அந்தப் பாரத்தைச் சுமக்காமலே அடுத்த கிளையன்ட்டிடம் போய்விடுவதால், தொழிலாளியின் பிழைப்பு வெறும் எண்ணாகத் தோன்றும் அபாயம் இவ்வுத்தியோகத்தில் என்றும் உண்டு.

ஆகவே, இதில் சேர விரும்பும் இளைஞர்கள் நேர்முகத் தேர்வில் சம்பளத்தைக் கேட்பதோடு நின்றுவிடாமல், கம்பெனி சென்ற ஆண்டில் தந்த யோசனைகள் நிறைவேறும் வரை யாராவது உடனிருந்தார்களா என்றும், விலகியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். தெளிவான பதில் கிடைத்தால் நான்கைந்து ஆண்டுகள் தாராளமாகப் பணியாற்றலாம். கிடைக்காவிட்டால் வேறிடம் பார்ப்பதே உத்தமம்.