புரை நீக்கியபின் கண்ணாடி ஏன்?

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (1777–1832) காலத்துக் கண்நோய்க் குறிப்புகள், கண் ஓவியங்களுடன் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. அக்காலத்தில் புரையுற்ற வில்லையை விலக்கியபின், அதற்கு ஈடாகத் தடித்த கண்ணாடி தேவைப்பட்டது. 1949இல் இலண்டனில் ஹெரால்டு ரிட்லி, கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையைப் பொருத்தினார்.

அப்படியிருந்தும் கண்ணாடி எதற்கு? இளமையில் இயற்கை வில்லை தன் வளைவை மாற்றி, அண்மையையும் தொலைவையும் காட்டும். சாதாரணச் செயற்கை வில்லைக்கு அத்திறன் இல்லை. எனவே வயலின் மறுகரை தெளிவாகத் தெரிந்தாலும், ரேஷன் அட்டையின் எழுத்து மங்கலாம். இது அறுவையின் தோல்வியன்று.

காயம் ஆறும்வரை கண்ணின் முன்படலத்தின் வளைவு சிறிது மாறும். அவசரப்பட்டு வாங்கிய கண்ணாடி பின்னர் பொருந்தாமற் போகலாம். பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் கழித்துச் சோதித்து வாங்குங்கள். ஆனால் வலி, சிவப்பு, திடீர் மங்கல் கண்டால் காத்திராதீர்கள். அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.