குமிழி மேலே வந்து சேருமா?

2008ஆம் ஆண்டு. நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகளின் மேற்குக் கரையோரம் போய்க்கொண்டிருந்தது பிரிட்டனின் ஆய்வுக் கப்பலான ஜேம்ஸ் கிளார்க் ராஸ். அதன் எதிரொலிக் கருவியின் திரையில், கடலடியிலிருந்து ஊதுபத்திப் புகைபோல ஏதோ எழுவது தெரிந்தது. ஒன்றிரண்டு இடங்களில் அல்ல, 250க்கும் மேற்பட்ட இடங்களில். எல்லாம் மீத்தேன் குமிழிகள்.

ஆழ்கடலின் குளிரிலும் அழுத்தத்திலும் மீத்தேன் நீரோடு சேர்ந்து உறைந்து, பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட்டாகக் கிடக்கும். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் சிதைந்தால் 160 கன மீட்டருக்கு மேல் வாயு வெளிவரும். அந்தக் கடற்பகுதியில் சுமார் 400 மீட்டருக்குக் கீழேதான் ஹைட்ரேட் நிலைத்திருக்கும். குமிழிகளில் பல அந்த எல்லையை ஒட்டியே கிளம்பின. அங்கே ஓடும் நீரோட்டமும் 30 ஆண்டுகளில் 1 டிகிரி செல்சியஸ் சூடாகியிருந்தது. 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். சூடாகும் கடல், கரையும் ஹைட்ரேட், மேலும் சூடாகும் பூமி என்று கதை தானாகவே அமைந்துவிட்டது. ‘மீத்தேன் வெடிகுண்டு’ என்று பேசவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் இந்தக் கசிவு எப்போது தொடங்கியது? மீத்தேனைத் தின்னும் நுண்ணுயிர்கள் கடலடியில் சுண்ணாம்புப் படிவை விட்டுச்செல்கின்றன. ஸ்வால்பார்டில் அந்தப் படிவுகளின் வயதைக் கணித்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. கசிவு குறைந்தது 3,000 ஆண்டுகளாக நடக்கிறதாம்! தொழிற்புரட்சிக்கு வெகு முந்தைய சங்கதி. 2018இல் வந்த இன்னொரு ஆய்வு காரணத்தையும் சொன்னது: பனியுகப் பனிப்பாளம் உருகி, அதன் பாரம் நீங்கியதும் நிலம் மெல்ல மேலெழுந்தது, கடலடியில் அழுத்தம் குறைந்தது, ஹைட்ரேட் சிதைந்தது.

சரி, கசிந்த வாயு என்ன ஆகிறது? பெரும்பங்கு வண்டலைத் தாண்டுவதே இல்லை. ஆக்சிஜன் இல்லாத அந்தச் சேற்றில் சல்பேட்டைத் துணைக்கொண்டு நுண்ணுயிர்கள் அதை உண்டுவிடுகின்றன. தப்பிய குமிழியும் மேலேறும் வழியில் தன் மீத்தேனை நீரில் கரையவிடுகிறது. நூறு மீட்டருக்கு மேல் ஆழமென்றால் காற்றுக்கு எட்டுவது சொற்பம். கரைந்ததை வேறு பாக்டீரியாக்கள் கார்பன் டை ஆக்சைடாக்குகின்றன. இதில் கடலுக்கும் நஷ்டம் உண்டு. ஆக்சிஜன் குறைகிறது, அமிலத்தன்மை கூடுகிறது.

ஆக, ஆழம்தான் முக்கியம். கிழக்கு சைபீரியக் கடலடித் திட்டின் சராசரி ஆழம் சுமார் 50 மீட்டர்தான். குமிழி மேலே வந்துவிடும். அங்கிருந்து ஆண்டுக்கு 80 லட்சம் டன் மீத்தேன் காற்றில் சேர்வதாக 2010இல் மதிப்பிட்டார்கள். பின்னர் கப்பலிலிருந்து அளந்த மற்றொரு குழு சுமார் 30 லட்சம் டன் என்றது. உலகம் முழுக்க ஆண்டுதோறும் வெளியாவதோ 55 கோடி டன்னுக்கு மேல். அதில் பாதிக்கும் அதிகம் கால்நடை, வயல், குப்பைமேடு, நிலக்கரி, எண்ணெய்க் கிணறு என்று நம் கைவரிசை. கடலடியைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட எண்ணெய்க் குழாயின் ஓட்டையை அடைப்பது அவசரம் என்பேன்.

அதற்காகக் கடலை முழுக்க நம்பிவிடவும் முடியாது. அண்டார்டிகாவின் ராஸ் கடலில், கரையை ஒட்டிய ஆழமற்ற பகுதியில் 2011இல் புதிதாக ஒரு கசிவு தோன்றியது. ஐந்தாண்டு கழித்தும் அங்கே மீத்தேன் உண்ணும் நுண்ணுயிர்க் கூட்டம் முழுதாக வளர்ந்திருக்கவில்லை. வாயு கசிந்துகொண்டே இருந்தது.