பழைய படகுக்கு டீசல் எஞ்சின் பொருத்தலாமா?

திருத்துறைப்பூண்டி வட்டார வயல்களில், ஆற்றில் தண்ணீர் வராத நாட்களில் ஆயில் எஞ்சின் ஓடும் ஓசையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நாகைக் கடற்கரையில் உள்ள கண்ணாடியிழைப் படகுகள் பலவற்றை இயக்குவதும் அதே இனத்தைச் சேர்ந்த சிறிய டீசல் எஞ்சின்தான். ஆனால் கன்னியாகுமரி, கேரளக் கரைகளில் படகின் பின்புறத்தில் மாட்டும் எஞ்சின்களே மிகுதி. இவை பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடுபவை.

ஒருவரிடம் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய பழைய படகு ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் போடலாமா என்று அவர் உங்களைக் கேட்கிறார். தவறாகச் சொன்னால் அவருடைய சேமிப்பு கரைந்துவிடும். என்ன விடை சொல்வீர்கள்?

முதலில் இரண்டு எஞ்சின்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் காண்போம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைக் கவனித்திருக்கிறீர்கள் அல்லவா? காற்றை அழுத்தினால் அது சூடாகும். டீசல் எஞ்சின் இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது. சிலிண்டருக்குள் காற்று மட்டும் 15 முதல் 22 மடங்கு வரை அழுத்தப்படுகிறது. அதன் வெப்பநிலை 500 டிகிரி செல்சியசுக்கு மேல் உயர்கிறது. அந்த நேரத்தில் டீசல் பீய்ச்சப்பட்டவுடன் தானாகவே பற்றிக்கொள்கிறது. பெட்ரோல் எஞ்சினிலோ எரிபொருளும் காற்றும் கலந்தே அழுத்தப்படுகின்றன. மிகுதியாக அழுத்தினால் கலவை முன்கூட்டியே வெடித்துவிடும். ஆகவே ஏறத்தாழ 10 மடங்கோடு நிறுத்திக்கொண்டு, மின்பொறியால் பற்றவைக்கிறார்கள்.

அழுத்தம் கூடினால் வெப்பத்தில் அதிகப் பங்கு வேலையாக மாறும். ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இயக்கிக் காட்டிய எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி எஞ்சின்களால் அதை எட்ட முடியவில்லை.

பழைய படகு எஞ்சின்கள் பல இருவீச்சு வகையைச் சேர்ந்தவை. அவற்றில் புதுக் கலவை உள்ளே வரும்போதே ஒரு பகுதி எரியாமல் புகைவழியே வெளியேறிவிடும். காசும் வீண், தண்ணீரும் மாசு. ஆகையால் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு இருவீச்சுப் பெட்ரோல் எஞ்சின் சுமார் அரை லிட்டர் குடிக்க, டீசல் எஞ்சினுக்குக் கால் லிட்டரே போதுமானதாகிறது.

பாதுகாப்பும் டீசலின் பக்கமே. பெட்ரோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தளத்தில் தேங்கி, ஒரு சிறு பொறிக்காகக் காத்திருக்கும். டீசல் அவ்வளவு எளிதில் ஆவியாவதில்லை.

அப்படியானால் உடனே மாற்றிவிடலாமா? பொறுங்கள். மிகுந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் டீசல் எஞ்சினின் சுவர்கள் தடித்தவை. கனமும் விலையும் கூடுதல். அதிர்வும் அதிகம். பழைய மரப்படகின் சட்டங்கள் அதைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

தண்ணீரின் ஆழமும் முக்கியம். மெதுவாகச் சுழலும் எஞ்சினுக்குப் பெரிய விசிறி பொருத்தினால்தான் முழுப் பயன் கிடைக்கும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக் காயலோ ஆழமற்றது; விசிறி சேற்றில் இடிக்கும். துறைமுகம் இல்லாத மணற்கரைகளிலும் இதே தொல்லைதான். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தின் வல்லுநர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கரையேறும் படகுகளில் சிறிய டீசல் எஞ்சினையும் விசிறித் தண்டையும் சேர்த்தே மேலே தூக்கிக்கொள்ளும்படி அமைத்து, 1980-களில் சோதித்தார்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். படகு 8 குதிரைத்திறனில் ஓடுகிறது. கணக்கு எளிதாக இருக்க, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டீசல் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலுக்கு மணிக்கு 4 லிட்டர், 400 ரூபாய். டீசலுக்கு 2 லிட்டர், 180 ரூபாய். மிச்சம் மணிக்கு 220 ரூபாய். எஞ்சினை மாற்ற 1,10,000 ரூபாய் ஆகுமானால், போட்ட பணம் திரும்ப 500 மணி நேரம் ஓட வேண்டும்.

நாள்தோறும் 5 மணி நேரம் வீதம் ஆண்டில் 200 நாள் மீன்பிடிக்கப் போகும் படகு, ஆறே மாதத்தில் அந்தப் பணத்தை மீட்டுவிடும். விடுமுறையில் மட்டும் பறவை பார்க்கப் போகும் படகு ஆண்டுக்கு 50 மணிதான் ஓடும் என்றால், பத்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் படகே உளுத்துப் போகலாம்! ஆகவே நீங்கள் படகுக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “ஆண்டுக்கு எத்தனை மணி ஓட்டுகிறீர்கள்?” என்பதே.

செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. நீரைப் பிளந்து செல்லும் படகுக்கு வேண்டிய திறன், ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், தேவைப்படும் திறன் 0.9 × 0.9 × 0.9, அதாவது 73 சதவீதம்தான். பயண நேரம் சற்று நீளும். அதையும் சேர்த்துப் பார்த்தால், அதே தூரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு எரிபொருள் மிச்சம். எஞ்சினைத் தொடவே வேண்டாம். கைப்பிடியைச் சிறிது தளர்த்தினால் போதும்.

நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய எஞ்சின் நான்குவீச்சு வகையாக இருந்து, மணிக்கு 3 லிட்டர் பெட்ரோல் மட்டுமே குடித்தால், அந்த மீன்பிடிப் படகுக்கு மாற்றுச் செலவு எத்தனை மாதத்தில் திரும்பும்? ஏறத்தாழ 11 மாதம் என்று வந்தால் உங்கள் விடை சரி.