அதிவேக நினைவக மதிப்பீடு

அதிவேக நினைவக மதிப்பீடு என்பது கணினியில் பொருத்தப்படும் ரேம் நினைவகத்தின் தரவு வேகம், தாமதம், நிலைப்புத்தன்மை ஆகியவற்றை அளந்து, கொடுக்கும் விலைக்கு ஏற்ற பயன் கிடைக்கிறதா என்று கண்டறிவதாகும். பாகங்களைத் தாமே தேர்ந்தெடுத்துக் கணினியை அமைப்போர் இதில் மிகுந்த ஆர்வம் காட்டுகின்றனர். ரேம் பெட்டியின் மேல் அச்சிடப்படும் பெரிய எண் இப்பண்புகளுள் ஒன்றை மட்டுமே குறிக்கிறது.

தரவு வேகம்

டிடிஆர் வகை நினைவகம் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் இருமுறை தரவை அனுப்புகிறது. எனவே டிடிஆர்5-6000 என்ற பெயரில் உள்ள 6000 கடிகார வேகம் அன்று. அது நொடிக்கு 600 கோடி பரிமாற்றங்களைக் குறிக்கிறது. உண்மையான கடிகார வேகம் 3000 மெகாஹெர்ட்சு ஆகும். ஓர் அட்டையின் தரவுப்பாதை 8 பைட்டு அகலம் கொண்டதால், நொடிக்கு அதிகபட்சம் 48 கிகாபைட் தரவு செல்லலாம். இரண்டு அட்டைகளை இரட்டைத் தடத்தில் பொருத்தினால் இது 96 கிகாபைட் ஆகும்.

தாமதம்

செயலி தரவைக் கேட்டபின் அது வெளிவரத் தொடங்க ஆகும் துடிப்புகளின் எண்ணிக்கை சிஎல் எனப்படுகிறது. துடிப்பின் நீளம் வேகத்துக்கு ஏற்ப மாறுவதால், சிஎல் எண்களை அப்படியே ஒப்பிடக்கூடாது. சிஎல் எண்ணை 2000 ஆல் பெருக்கித் தரவு வேகத்தால் வகுத்தால் நானோ நொடியில் விடை கிடைக்கும்.

• டிடிஆர்3-1600, சிஎல் 8: 10 நானோ நொடி
• டிடிஆர்4-3200, சிஎல் 16: 10 நானோ நொடி
• டிடிஆர்5-6000, சிஎல் 30: 10 நானோ நொடி
• டிடிஆர்5-6000, சிஎல் 40: 13.3 நானோ நொடி

மூன்று தலைமுறைகளில் தரவு வேகம் ஏறத்தாழ நான்கு மடங்கு உயர்ந்தும் இத்தாமதம் குறையவில்லை. ஒரே வேகம் கொண்ட இரு அட்டைகளுக்கு இடையே விலை வேறுபடுவதற்கு சிஎல் ஒரு முக்கியக் காரணமாகும்.

அறிவிக்கப்பட்ட வேகத்தைப் பெறுதல்

நினைவகத் தரங்களை ஜெடெக் அமைப்பு வரையறுக்கிறது. டிடிஆர்5 தரம் 2020 இல் வெளியானது. இதன் இயல்பு மின்னழுத்தம் 1.1 வோல்ட். அதிவேக அட்டைகள் பொருத்தியவுடன் ஜெடெக் வேகத்திலேயே இயங்கும். பெட்டியில் உள்ள வேகத்தைப் பெற, இன்டெலின் எக்ஸ்எம்பி அல்லது ஏஎம்டியின் எக்ஸ்போ அமைப்பை பயாசில் இயக்க வேண்டும். இதைச் செய்யாதவர்கள் கூடுதல் விலை கொடுத்தும் பயன் பெறுவதில்லை.

இவ்வேகம் செயலியையும் தாய்ப்பலகையையும் பொறுத்தது. ரைசன் 7000 வரிசைச் செயலிகளுக்கு ஏஎம்டி அறிவித்த வேகம் இரண்டு அட்டைகளுக்கு 5200. நான்கு அட்டைகளுக்கு 3600 மட்டுமே. ஆகவே நான்கு சிறிய அட்டைகளைவிட இரண்டு பெரிய அட்டைகள் பொருத்தமானவை.

நிலைப்புத்தன்மைச் சோதனை

கணினி தொடங்கிவிட்டது என்பதால் நினைவகம் சரியாக இயங்குகிறது என்று கொள்ள முடியாது. ஒரு பிட் மாறினாலும் ஒரு படமோ ஆவணமோ எந்த எச்சரிக்கையும் இன்றிச் சிதைந்து சேமிக்கப்படலாம். மெம்டெஸ்ட்86 போன்ற மென்பொருள், இயங்குதளம் இல்லாமலேயே யுஎஸ்பி நினைவியிலிருந்து இயங்கி நினைவகத்தைச் சோதிக்கிறது. இதில் ஒரே ஒரு பிழை தோன்றினாலும் வேகத்தைக் குறைக்க வேண்டும். வெப்பம் ஏறும்போது பிழைகள் கூடுவதால், கணினி நன்கு சூடான நிலையிலும் சோதிப்பது அவசியம். டிடிஆர்5 சில்லுகளுக்குள் உள்ள பிழைதிருத்தம், சில்லுக்கும் செயலிக்கும் இடையிலான பாதையில் நேரும் பிழைகளைத் திருத்துவதில்லை.

பயன்பாட்டில் அளவிடல்

நிலைப்புத்தன்மை உறுதியான பின்னரே செயல்திறனை அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓர் அமைப்பை மட்டும் மாற்றி, சோதனையை மூன்று முறையேனும் இயக்கிச் சராசரி காண்பது நல்லது. விளையாட்டுகளில் சராசரிச் சட்டக வீதத்துடன், மிக மெதுவான 1 விழுக்காட்டுச் சட்டகங்களின் வீதத்தையும் பார்க்க வேண்டும். காட்சி திக்கித் திக்கி ஓடுவதை இதுவே வெளிப்படுத்தும்.

தனி வரைகலை அட்டை இல்லாத கணினிகளில் வரைகலைப் பகுதியும் இதே நினைவகத்தைப் பயன்படுத்துவதால், வேகமான ரேம் தெளிவான பயன் தருகிறது. 4கே திரையில் வரைகலை அட்டையே தடையாக இருக்கும்போது வேறுபாடு மிகச் சிறிதாகும். நினைவகக் கொள்ளளவு போதாத கணினியில் தரவு வட்டுக்கு மாற்றப்படுவதால், எந்த வேகமும் அக்குறையை ஈடுசெய்யாது.